நிமிஷத்துக்கு ஒரு கார்! கணக்குப் போடுவது யார்?



'இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்' என்றதும், அது நம் பிரிவு இல்லையே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல், இ.சி.இ. எதில் டிப்ளமோ முடித்தாலும், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் வேலைக்குப் போனால் முதல் நாளே எதிரில் வந்து நிற்பது அதுதான். மெஷின் எப்படி ஓடுகிறது என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். ஒரு மெஷினுக்கும் அடுத்த மெஷினுக்கும் நடுவே பொருள் ஏன் காத்துக் கிடக்கிறது, ஆள் ஏன் பத்தடி வீணாக நடக்கிறார் என்று கேட்பது இந்தத் துறை.

ஒரு கணக்குப் பார்ப்போமா? ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. முழுத் திறனில் ஆண்டுக்கு 4 லட்சம் கார் என்பது திட்டம். வருஷத்தில் 300 நாள், மூன்று ஷிப்டும் சேர்த்து நாளுக்கு 22 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3,96,000 நிமிஷம். அதாவது நிமிஷத்துக்கு ஒரு கார் வெளியே வந்தாக வேண்டும்! இந்த இடைவெளிக்கு 'டாக்ட் டைம்' என்று பெயர். ஒரே லைன் என்றால் அதில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் 60 வினாடி. இரண்டு லைன் என்றால் 120.

இப்போது மூன்று பேர் வரிசையாக வேலை செய்கிறார்கள். ஒருவருக்கு 40 வினாடி, அடுத்தவருக்கு 70, மூன்றாமவருக்கு 45. எவ்வளவு முட்டினாலும் 70 வினாடிக்கு ஒன்றுதான் வரும். 40 வினாடிக்காரருக்குப் புது மெஷின் வாங்கிக் கொடுத்தால்? நடுவில் இருப்பவர் முன்னால் குவியல்தான் பெரிதாகும். அவருடைய வேலையில் 15 வினாடியை முதல் ஆளிடம் மாற்றிவிட்டால் 55, 55, 45. காசு செலவில்லை. இதுதான் 'லைன் பாலன்சிங்'.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அம்மா நடவுக்குப் போகிறவர். நடவு தொடங்கும் முன்பே நாற்று முடிகளை வயல் முழுக்க அங்கங்கே வீசி வைத்துவிடுவார்கள். குனிந்தவர் கரைக்கு நடக்க வேண்டியதில்லை. லைனில் போல்ட், நட்டு கைக்கெட்டும் ட்ரேயில் இருப்பதும் இதே யோசனைதான். அம்மாவிடம் சொன்னேன், "இதுக்கா ஒரு படிப்பு?" என்றார்கள்!

ஆனால் ஸ்டாப்வாட்ச் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒரு வேலைக்கு 50 வினாடி என்று அளந்தால் அதோடு முடியாது. தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக, கை அசந்து போக என்று 'அலவன்ஸ்' சேர்க்க வேண்டும். 15 சதவீதம் சேர்த்தால் 57.5 வினாடி. இதைச் சலுகை என்று நினைக்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அதைச் சேர்க்காத கணக்கு தப்புக் கணக்கு. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1913-ல் நகரும் லைன் கொண்டுவந்தார். சேஸிஸ் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஒன்றரை மணி நேரத்துக்கு வந்தது. ஆட்களோ தாக்குப்பிடிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள். 1914-ல் நாளுக்கு 5 டாலர் அறிவித்த பிறகே நின்றார்கள்.

நம் ஊரிலும் ஒன்று நடந்தது. 2021 மே, கொரோனா இரண்டாம் அலை. ஒரகடம் ரெனோ-நிசான் தொழிலாளர்கள், லைனில் இடைவெளி விட்டு நிற்க முடியவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். மாத இறுதியில் சில நாள் ஆலையே நின்றது. வண்டிகளுக்கு நடுவே காலி இடம் விட வேண்டும் என்பது அவர்கள் கேட்டதில் ஒன்று. ஓடுகிற வேகம் மாறாமல் மூன்று வண்டிக்கு ஒரு காலி இடம் விட்டால் என்ன ஆகும்? மணிக்கு 60 வந்த லைனில் 45 வரும். 15 கார் நஷ்டம் என்று ஒரு பக்கம் எழுதலாம். பக்கத்து ஆளை இடிக்காமல் வேலையை முடித்துத் திரும்ப, நாலு நிமிஷத்தில் ஒரு நிமிஷம் கிடைத்தது என்று இன்னொரு பக்கமும் எழுதலாம். இரண்டும் ஒரே தாளில் வர வேண்டிய கணக்கு. நாளைக்கு அந்தத் தாள் நம்மில் யார் கைக்காவது வரும்.