ரெண்டாவது கன்ட்ரோலர் எங்கே பாஸ்?

‘நீ கேமரா?’ன்னு ஹாஸ்டல்ல எவனாவது கேட்டா, ‘இல்ல மச்சி, நான் ட்ரைபாட்’னு மொக்கை போட்டுட்டு நழுவுற கோஷ்டியா நீங்க? கையைக் கொடுங்க, நம்ம ஆளு!

நமக்கெல்லாம் ட்ராஃபி வேண்டாம், ரேங்க் வேண்டாம். நூறு மணி நேரம் உட்கார்ந்து ஒரே கேமை முடிக்கிற பொறுமையும் கிடையாது. செமஸ்டர் முடிஞ்ச மறுநாள், ஞாயித்துக்கிழமை மத்தியானம், மழை பெய்யற சாயங்காலம்... அப்பப்போ ஒரு ஆட்டம். அவ்வளவுதான். உலகத்துல கன்சோல் வெச்சிருக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் நம்ம ஜாதிதான்னு நான் சந்தேகப்படறேன். ஆனா கருத்து சொல்ற மைக் மட்டும் நம்ம கைக்கு வர்றதே இல்லை. இந்த வாரம் வந்துடுச்சு. விடுவேனா?

என் கட்சி ரொம்ப சிம்பிள். ஒரு கன்சோல் கேம் நல்லா இருக்கா இல்லையான்னு பார்க்க, கிராஃபிக்ஸை முதல்ல பார்க்காதீங்க. பக்கத்துல இன்னொருத்தர் உட்கார்றதுக்கு அதுல இடம் இருக்கான்னு பாருங்க. இடம் இருந்தா பாஸ். இல்லேன்னா எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் அரியர்தான்!

பிறக்கும்போதே ரெட்டை

இது என் சொந்த சரக்கு இல்லீங்க. வரலாறே அப்படித்தான் இருக்கு. 1983 ஜூலையில ஜப்பான்ல நிண்டெண்டோ கம்பெனி ‘ஃபேமிகாம்’னு ஒரு பெட்டியை இறக்குச்சு. ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ங்கிறதோட சுருக்கம். அதுல ரெண்டு கன்ட்ரோலரும் பெட்டியோடவே வயர்ல இணைஞ்சிருக்கும். கழட்டவே முடியாது. அதாவது, விளையாட ரெண்டு பேர் வருவாங்கங்கிறது ஆப்ஷன் இல்லை, ஆரம்பமே அதுதான்.

அதுல ஒரு குறும்பும் உண்டு. ரெண்டாவது கன்ட்ரோலர்ல ஸ்டார்ட் பட்டனே கிடையாது! நடுவுல நிறுத்துற அதிகாரம் முதல் ஆளுக்கு மட்டும்தான். வீட்டுல அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும் நடக்குற அத்தனை சண்டையையும் ஜப்பான்லயே டிசைன் பண்ணி அனுப்பியிருக்காங்க பாருங்க!

அந்தப் பெட்டியோட சீன நகல்கள்தான் நம்ம ஊருக்கு ‘டிவி கேம்’ங்கிற பேர்ல வந்து சேர்ந்தது. ‘9999 இன் 1’னு கேசட் மேல பெருசா போட்டிருக்கும். உள்ள போய்ப் பார்த்தா உருப்படியா சில டஜன் கேம் தேறும். மீதியெல்லாம் அதே கேமை வேற லெவல்ல ஆரம்பிச்சு வெச்சிருப்பாங்க. நம்ம ஊர் பல்பொடி விளம்பரமே தோத்துடும்!

எங்க ஊர் காவாந்தண்டலம். உத்திரமேரூர் பக்கம். எங்களை மாதிரி கிராமங்களுக்கு இந்தப் பெட்டி சரியா செட் ஆனதுக்கு ஒரு காரணம் உண்டு. 2006-ல அரசாங்கத்தோட இலவச கலர் டிவி திட்டம் தொடங்குச்சு. 14 இன்ச் டிவி வீடு வீடா வந்துச்சு. சில நூறு ரூபாய்க்குப் பெட்டியை வாங்கிச் சொருகினா, திண்ணை வரைக்கும் கூட்டம். ஒரு டிவி, ரெண்டு கன்ட்ரோலர், பதினோரு பசங்க. யார் முதல்ல உட்கார்றது?

அதுக்குத்தான் உத்திரமேரூர்க்காரன் கண்டுபிடிச்சு வெச்சிருக்கானே ஒரு வழி! பராந்தக சோழன் காலத்துலயே ஓலையில பேரு எழுதி, குடத்துல போட்டு, குலுக்கி எடுத்துத்தான் ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்தாங்க. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல இன்னைக்கும் அந்தக் கல்வெட்டு இருக்கு. நாங்க குடத்துக்குப் பதிலா எவர்சில்வர் சொம்பு, ஓலைக்குப் பதிலா கணக்கு நோட்டுப் பேப்பர். ஆயிரத்து நூறு வருஷ ஜனநாயகம், மாரியோவுக்காக!

முப்பது உயிர் ரகசியம்

அந்தக் காலத்து ரெண்டு ஆள் கேம்களை இப்போ யோசிச்சா, ஒவ்வொண்ணும் ஒரு நட்புப் பரீட்சை. ‘பேட்டில் சிட்டி’யில நீங்களும் நண்பனும் ஆளுக்கொரு டாங்க். கழுகுச் சின்னத்தைக் காப்பாத்தணும். நண்பனை நீங்க சுட்டுட்டா அவன் கொஞ்ச நேரம் அப்படியே உறைஞ்சு நிப்பான். கழுகை நீங்களே தப்பா சுட்டுட்டா ரெண்டு பேருக்கும் ஆட்டம் க்ளோஸ். ‘கான்ட்ரா’வுல மூணாவது லெவல், அருவி மேல ஏறணும். நீங்க அவசரப்பட்டு மேல போனா ஸ்கிரீனும் மேல போகும். கீழே தங்கிட்டவன் காலி. ‘இருடா, நானும் வரேன்’னு கத்துற நண்பனுக்காக நிக்கிறீங்களா, ஏறிடுறீங்களா? உங்க கேரக்டர் சர்ட்டிஃபிகேட்டை அந்த அருவியிலேயே எழுதிடலாம்.

அந்த கான்ட்ராவுல மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ அமுக்கினா மூணு உயிர் முப்பதாகும். இதுக்குப் பின்னாடி ஒரு சூப்பர் கதை இருக்கு. கோனாமி கம்பெனியில கஸுஹிஸா ஹஷிமோட்டோன்னு ஒரு ப்ரோக்ராமர். ‘கிரேடியஸ்’னு ஒரு கேமை ஃபேமிகாமுக்கு மாத்திக்கிட்டிருந்தார். கேமை டெஸ்ட் பண்ணணும். ஆனா அவராலயே விளையாட முடியலை, அவ்வளவு கஷ்டம்! அதனால தனக்காக ஒரு குறுக்கு வழி எழுதி வெச்சார். 1986-ல கேம் வெளியானப்போ அந்தக் குறுக்கு வழியும் உள்ளேயே இருந்துச்சு. அதுதான் அப்புறம் கான்ட்ராவுக்கும் வந்துச்சு. 2020-ல ஹஷிமோட்டோ காலமானப்போ உலகம் பூரா கேம் பிரியர்கள் அந்தப் பத்து பட்டனையும் எழுதித்தான் அஞ்சலி செலுத்தினாங்க.

இனிமே யாராவது ‘சீட் கோட் போட்டு ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பா?’ன்னு கேட்டா, கேம் பண்ணின மனுஷனே அப்படித்தான் விளையாடினார்னு சொல்லுங்க. வாயே திறக்க மாட்டான்.

எல்லாரையும்விட பெரிய வில்லன் ஒருத்தர் இருந்தார். கரண்ட் கட்! எங்க பெட்டிகள்ல ‘சேவ்’ங்கிற பேச்சே கிடையாது. 2008 முதல் 2012 வரைக்கும் தமிழ்நாட்டுல மின்வெட்டு எப்படி இருந்துச்சுன்னு உங்க அண்ணன், அக்காவைக் கேளுங்க. கடைசி லெவல்ல, கடைசி உயிர்ல, பொசுக்குனு டிவி அணையும். மறுபடியும் முதல்லேர்ந்து. அப்போ அழுதிருக்கோம். ஆனா ஒண்ணு, இருட்டுல திண்ணையில உட்கார்ந்து ‘நீ மட்டும் அந்தக் குண்டுக்குக் குதிச்சிருந்தா...’ன்னு பேசின அந்த ஒரு மணி நேரம் இருக்கே, கேமைவிட அதுதான் நல்லா ஞாபகம் இருக்கு.

ஒத்தைக் கன்ட்ரோலர் காலம்

அப்புறம் பிளேஸ்டேஷன் 2 வந்துச்சு. 16 கோடிக்கு மேல வித்த பெட்டி. இதுவரைக்கும் உலகத்துல அதிகமா வித்த கன்சோல் அதுதான். டவுன் கேம் சென்டர்கள்ல மணிக்கணக்குல காசு கொடுத்து கிரிக்கெட்டும் மல்யுத்தமும் விளையாடின தலைமுறை அது. 2009-ல ‘தேசி அட்டா’ன்னு ஒரு இந்திய கேம்கூட அதுல வந்துச்சு. கபடி, கில்லி, பட்டம்னு நம்ம விளையாட்டையே டிவிக்குள்ள போட்டாங்க. வாசல்ல நிஜக் கில்லி கிடக்கும்போது டிவியில எதுக்குன்னு தோணலாம். ஆனா நம்ம விளையாட்டையும் ஒருத்தன் மதிச்சான்ல!

பிளேஸ்டேஷன் 2-ல ரெண்டு கன்ட்ரோலர் சொருக இடம் இருந்துச்சு. பெட்டிக்குள்ள வந்தது ஒண்ணுதான். சிக்கலே இதுதான் பாஸ்! 2021 பிப்ரவரியில பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தப்போ டிஸ்க் மாடல் 49,990 ரூபாய். அப்பவும் கூட ஒரே ஒரு கன்ட்ரோலர். நண்பன் வந்தா இன்னும் கிட்டத்தட்ட ஆறாயிரம் எடுத்து வைக்க வேண்டியிருந்துச்சு. பெரிய கேம் ஒண்ணு அப்போ 4,999. இதுல பல கேம்கள்ல ஒரே ஸ்கிரீன்ல ரெண்டு பேர் ஆடவே முடியாது. அவன் அவன் வீட்டுல, அவன் அவன் கன்சோல்ல, ஹெட்செட் மாட்டிக்கிட்டு உட்காரணும். பக்கத்துல உட்கார்ந்திருக்கிற நண்பன் வெறும் பார்வையாளர். பாவம், முறுக்கு சாப்பிட்டுக்கிட்டே இருக்கான்.

‘காலம் மாறிடுச்சு’ன்னு சொல்றவங்களுக்கு ஒரு பதில் வெச்சிருக்கேன். 2021-ல ‘இட் டேக்ஸ் டூ’ன்னு ஒரு கேம் வந்துச்சு. தனியா விளையாடவே முடியாது. ரெண்டு பேர் இருந்தாத்தான் ஆரம்பமே ஆகும். அந்த வருஷம் ‘தி கேம் அவார்ட்ஸ்’ல வருஷத்தின் சிறந்த கேம் விருது அதுக்குத்தான். அப்போ ரெண்டாவது ஆளுக்கு ஆசை போயிடலை. இடம்தான் போயிடுச்சு.

அம்மா ஜெயிச்ச கேம்

‘ஒரே ஆள் விளையாடுற கேமெல்லாம் வேஸ்ட்டா?’ன்னு கேட்கறீங்களா? இல்லவே இல்லை. ‘வெண்பா’வைப் பாருங்க. 2023 ஜூலை 31-ல வந்த கேம். கனடாவுல டொரன்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் பண்ணினது. 1980-கள்ல கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா, அவ வீட்டுக்காரர் பாவலன், பையன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிஞ்சு, அழிஞ்சு போயிருக்கு. விட்டுப்போன வரிகளை யோசிச்சு யோசிச்சு இட்லி, புட்டு, பிரியாணின்னு சமைக்கணும். ஒன்றரை மணி நேரம், மிஞ்சினா ரெண்டு. கதை முடிஞ்சிடும். 2024-ல பாஃப்டாவுல சிறந்த அறிமுக கேம் விருது வாங்கிடுச்சு.

நண்பன் வீட்டுல இதை விளையாடினப்போ இட்லித் தட்டை எந்த வரிசையில அடுக்கறதுன்னு நானும் அவனும் முழிச்சோம். உள்ளேயிருந்து அவங்க அம்மா கரண்டியோட வந்து நின்னாங்க. ‘ஓட்டை மேல இட்லி வந்தா ஆவி எப்படிடா மேல போகும்? மாத்தி வை!’ன்னு ஒரே அதட்டல். மாத்தினோம். வெந்துடுச்சு! அதுவரைக்கும் ‘அந்தக் கருமத்தை அணைச்சுட்டு சாப்பிட வாங்க’ன்னு மட்டுமே சொல்லிக்கிட்டிருந்த அம்மா, அன்னைக்குக் கடைசி சீன் வரைக்கும் எங்க நடுவுல உட்கார்ந்திருந்தாங்க. பையன் தமிழ் பேசக் கூச்சப்படற இடத்துல முந்தானையால கண்ணைத் துடைச்சதை நாங்க பார்க்காத மாதிரி இருந்துட்டோம்.

கன்ட்ரோலர் ஒண்ணுதான். ஆனா விளையாடினது மூணு பேர். புரியுதா நான் சொல்ற இடம்?

இன்னொரு விஷயமும் சொல்லியே ஆகணும். விளையாட்டுன்னு சொல்லிக்கிட்டு போனுக்குள்ள வந்த காசு கட்டுற ஆட்டங்களால நம்ம வயசுப் பசங்க எத்தனை பேர் கடன்ல விழுந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும். 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணி சட்டமே போட்டாச்சு. அந்த ஆட்டங்களைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. எல்லாமே ராத்திரி, தனியா, போர்வைக்குள்ள. பக்கத்துல ஒருத்தன் உட்கார்ந்திருந்தா ‘போதும் மச்சி, வா டீ குடிக்கலாம்’னு கையைப் பிடிச்சு இழுத்திருப்பான். அந்த ‘போதும் மச்சி’தான் ரெண்டாவது கன்ட்ரோலரோட உண்மையான வேலை.

காசு எடுக்கறதுக்கு முன்னாடி...

கேம் வாங்கப் போறீங்களா? இந்த மூணு கேள்வியைக் கேளுங்க.

ஒண்ணு, ஒரே ஸ்கிரீன்ல ரெண்டு பேர் ஆடலாமா? ஆன்லைன்ல ஆடலாம்னு சொன்னா, அது வேற கேள்விக்கு பதில்.

ரெண்டு, அரை மணி நேரத்துல நிறுத்திட்டு எழுந்திருக்க முடியுமா? இன்டர்னல்ஸ் வருதுல்ல!

மூணு, முடிச்சதும் நண்பனுக்குக் கொடுக்க முடியுமா? டிஸ்க்கா வாங்கினா கைமாத்தலாம், பழசா விக்கலாம். நாலு பேர் சேர்ந்து நாலு டிஸ்க் வாங்கினா ஆளுக்கு நாலு கேம். டவுன்லோடா வாங்கினா அது உங்க அக்கவுன்ட்டோட கட்டின தாலி!

மூணுக்கும் ‘ஆமா’ன்னு பதில் வந்தா தைரியமா வாங்குங்க. கன்சோல் வாங்கக் காசே இல்லையா? கவலையை விடுங்க. ஹாஸ்டல்ல எந்த ரூம்ல கன்சோல் இருக்குன்னு விசாரிங்க. ஒரு பாக்கெட் முறுக்கோட போய்க் கதவைத் தட்டுங்க. உள்ள தனியா ஆடிக்கிட்டிருக்கிறவனும் யாராவது வரமாட்டாங்களான்னுதான் உட்கார்ந்திருப்பான்.