வரைபடத்தில் ஆறு, கருவியில் எட்டு

1940 செப்டம்பரில் விஞ்ஞானி ஹென்றி டிஸார்டின் குழு பிரிட்டனிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ரகசியங்களில் மிகப் பெரியது, கைக்குள் அடங்கும் மேக்னட்ரான். ரேடாருக்கு வேண்டிய 10 சென்டிமீட்டர் அலைகளை அதுவரை எந்தக் கருவியும் தராத வலுவோடு அது தந்தது. அக்டோபர் 6 அன்று நியூஜெர்சியில் பெல் ஆய்வகத்தார் இயக்கிப் பார்த்தார்கள், அசத்தியது. ஆனால் நகலெடுப்பதற்காக எக்ஸ்-ரே எடுத்தபோது குழப்பம். அலையை உண்டாக்கும் குழிகள் கூடவே வந்த வரைபடத்தில் 6, கருவியில் 8. இங்கிலாந்தைக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது: வெவ்வேறு எண்ணிக்கையில் குழிகள் போட்டுப் பார்த்தவர்கள், 8 குழிக் கருவியை அனுப்பிவிட்டார்கள். போர்க்காலத்தில், ஒரே மொழி பேசும் இரு நட்பு நாடுகளுக்கு இடையிலேயே காகிதம் இப்படிக் காலை வாரியது.

பாதுகாப்புத் தொழில்நுட்ப ஒத்துழைப்பு என்றால் தலைவர்கள் கைகுலுக்கும் படமும் ஒப்பந்தத் தொகையும்தான் செய்தியாகின்றன. அதன் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது. நீ சோதித்துச் சொன்ன முடிவை நான் திரும்பச் சோதிக்காமல் ஏற்பேனா? ஸ்புட்னிக் பறந்த அதே 1957 அக்டோபரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் தொடங்கிய கூட்டு ஆராய்ச்சி ஏற்பாட்டில் பின்னர் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்தன. ஒருவர் செய்த ஆய்வை மற்றவர் மறுபடி செய்யாமல் இருப்பதே அதன் நோக்கம்.

அந்தக் கண்ணோடு பார்த்தால், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் சிப்காட்டில் ஆளில்லா விமானங்களுக்கென்று திட்டமிடப்பட்ட பொதுச் சோதனை மையம் முக்கியமானது. மத்திய அரசு 2020-இல் தொடங்கிய பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தின் கீழ், கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் தலைமையிலான கூட்டமைப்பு சுமார் 45 கோடி ரூபாயில் அமைக்கும் திட்டம் இது. மத்திய அரசின் பங்கு 75 சதவீதம் வரை.

இத்தகைய மையங்களில் நடக்கும் ஒரு சோதனையை மட்டும் பார்ப்போம். வெளி அலைகள் புகாத உலோக அறை. உள்ளே சுவரெங்கும் கரி ஏற்றிய நுரைக் கூம்புகள். மோதும் அலை எதிரொலிக்காமல் கூம்புகளுக்குள்ளேயே வெப்பமாகிவிடும். நடுவே ட்ரோனை நிறுத்தி இயக்கி, அது கசியவிடும் அலைகளை முதலில் அளப்பார்கள். பிறகு ஆன்டெனாவால் அதன்மீது அலைகளைப் பாய்ச்சுவார்கள். ஜிபிஎஸ் தடுமாறுகிறதா, கட்டளை இணைப்பு அறுகிறதா என்பது அப்போது வெளிப்பட்டுவிடும். எந்த அலைவரிசையில் எவ்வளவு வலு என்பதற்கு உலகம் பரவலாகப் பின்பற்றும் அளவுகோல், அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-461. அளவுகோல் பொது என்பதால் முடிவையும் ஒப்பிட முடிகிறது.

இந்தியா எந்த ராணுவக் கூட்டணியிலும் இல்லையே, நம் சான்றிதழை யார் மதிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குடிமைத் துறையில் இந்தத் தடையை எப்போதோ தாண்டியாயிற்று: நம் ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல், சோதனை முடிவுகளைப் பரஸ்பரம் ஏற்கும் பன்னாட்டு உடன்பாட்டில் 2000 முதல் இருக்கிறது. வாகனச் சோதனைக்கு அருகிலுள்ள ஒரகடத்திலேயே மத்திய அரசின் மையமும் உண்டு. ராணுவத் தளவாடத்தில் இந்த ஏற்பு தானாக வராது, அரசுகள் உட்கார்ந்து பேசியாக வேண்டும். பேசப் போகும்போது மேசைமீது வைக்க அளவுத் தரவு வேண்டாமா?

உரிமம் வாங்கித் தயாரித்தால் போதாதா என்பது இன்னொரு வாதம். 1960-களில் பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பில் விஜயந்தா டாங்கி, பிறகு ரஷ்ய டி-72, டி-90 என்று ஆவடி டாங்கித் தொழிற்சாலை அந்த வழியில் நெடுந்தூரம் போயிருக்கிறது. அது தந்த உற்பத்தித் திறனைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் டி-90க்கு ஒப்பந்தம் போட்ட பிறகும் சுடுகுழல், கவசம் ஆகியவற்றின் நுட்பம் வந்துசேர்வது இழுபறியானது. எப்படிச் செய்வது என்பதை உரிமம் சொல்லும். ஏன் அப்படி என்பது சோதித்துப் பார்த்தவனுக்கே தெரியும்.

45 கோடி சில்லறைக் காசு என்ற முணுமுணுப்பை விட்டுவிடலாம். என் கவலை வேறு. சீன உதிரிபாகங்கள் இருந்ததால் 2025-இல் நம் ராணுவம் 400 ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை ரத்து செய்தது. பறந்து காட்டினால் சான்றிதழ் என்ற அளவில் நின்றால் வல்லம் வடகாலில் அத்தகைய ட்ரோனும் தேறிவிடும். கட்டுப்பாட்டுப் பலகையைக் கழற்றி, சிப்பையும் அதன் மென்பொருளையும் வரிவரியாகப் பார்க்கும் அதிகாரமும் ஆளும் அந்த மையத்துக்குத் தரப்படுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.