திமிங்கலச் சுறாவைக் காணச் செல்லும் ஸ்கூபா சுற்றுலா: உரிமையும் ஆபத்தும் பரிகாரமும்

கடலில் வாழும் மீன்களிலேயே மிகப் பெரியது திமிங்கலச் சுறா. 18 மீட்டர் வரை வளரக்கூடிய இந்த மீன் மிதவை உயிரிகளையும் மீன் முட்டைகளையும் சிறு மீன்களையும் நீரோடு உறிஞ்சி வடிகட்டி உண்கிறது. மனிதரை இரையாகக் கொள்வதில்லை. இரை திரளும் பருவத்தைத் தொடர்ந்தே அதன் பயணம் அமைகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளத்திட்டில் மார்ச், ஏப்ரல் வாக்கில் பவளங்கள் முட்டைகளை உமிழ்கின்றன. அங்கே மார்ச் முதல் ஜூலை வரை சுறாக்கள் கூடுகின்றன. கலாபகஸின் டார்வின் தீவருகே ஜூன் முதல் நவம்பர் வரை பெரிய பெண் சுறாக்கள் கடந்து செல்கின்றன. மாலத்தீவின் தெற்கு அரி பவளத்தீவுக் கூட்டத்திலோ ஆண்டு முழுவதும் காணலாம். அங்குள்ளவை பெரும்பாலும் வளர்ச்சி முற்றாத ஆண் சுறாக்கள். பனாமாவின் கொய்பா தீவருகே 2011-ல் அடையாளக் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் சுறா, பசிபிக்கைக் கடந்து மரியானா அகழிப் பகுதி வரை 20,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியிருக்கிறது.

இந்த மீனைக் காண ஸ்கூபா வேண்டும் என்பதே பலரிடம் உள்ள முதல் தவறான எண்ணம். சுற்றுலாத் தொகுப்பின் விலை ஏறுவதும் பெரும்பாலும் அதனால்தான். திமிங்கலச் சுறா நீர்மட்டத்தை ஒட்டி மேயும் இடங்களில் முகமூடியும் மூச்சுக்குழாயும் போதும். நிங்கலூவில் அதனுடன் ஸ்நோர்கெலிங் மட்டுமே நடக்கிறது. பிலிப்பைன்ஸின் தொன்சோலிலும் நடைமுறை அதுவே. மாலத்தீவின் ஹனிஃபாரு வளைகுடாவில் 2012 முதல் ஸ்கூபாவுக்குத் தடை உள்ளது. ஆகவே இந்த இடங்களின் பெயரைச் சொல்லி ‘சுறாவுடன் ஸ்கூபா’ விற்கும் நிறுவனத்துக்கு இடம் தெரியவில்லை, அல்லது விதி தெரியவில்லை. ஸ்கூபா உண்மையிலேயே தேவைப்படும் டார்வின் தீவில் நீரோட்டம் கடுமையானது; புதிதாகச் சான்றிதழ் வாங்கியவருக்கு ஏற்ற கடல் அன்று அது.

நிங்கலூ விதிகள் பிற இடங்களை அளக்க நல்ல அளவுகோல். ஒரு சுறாவுக்கு அருகே ஒரே நேரத்தில் 10 பேருக்கு மேல் நீரில் இறங்கக் கூடாது. தலையிலிருந்தும் உடலிலிருந்தும் 3 மீட்டரும், வாலிலிருந்து 4 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். தொடுவது, வழிமறிப்பது, ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பது எதற்கும் அனுமதி இல்லை. சுறாவைச் சுற்றி 250 மீட்டர் வட்டத்துக்குள் ஒரு சமயத்தில் ஒரு படகுதான் இருக்கலாம். மாலத்தீவின் நடத்தை நெறியிலும் 3 மீட்டர், 4 மீட்டர் என்ற அதே தூரங்களே உள்ளன. ஆனால் தாளில் இருப்பதெல்லாம் தண்ணீரில் இருப்பதில்லை. தெற்கு அரியில் ஒரே சுறாவைப் பல படகுகள் சூழ்ந்துகொள்வதும், படகுகளின் உந்துவிசிறி வெட்டிய தழும்புகளோடு சுறாக்கள் திரிவதும் வழக்கமாகிவிட்டது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016 முதல் இந்த இனத்தை அழிவின் ஆபத்தில் உள்ளதாக வகைப்படுத்தியுள்ளது.

‘கட்டாயம் காட்டுவோம்’ என்ற உறுதிமொழியே எச்சரிக்கை மணி. காட்டு விலங்கு வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, அதற்குத் தீனி போட்டாலொழிய. பிலிப்பைன்ஸின் ஒஸ்லோபில் 2011 முதல் நடப்பது இதுதான்: படகிலிருந்து சிறு இறாலை வீசி, காலை நேரத்தில் சுறாக்களை அங்கேயே நிறுத்திவைக்கிறார்கள். இடம்பெயர வேண்டிய விலங்கு ஓரிடத்தில் தங்கிப் படகை உணவோடு சேர்த்து அடையாளம் காணப் பழகுகிறது. இந்தியக் கடலில் இதைச் செய்ய முடியாது. இங்கே 2001 முதல் திமிங்கலச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அந்தச் சட்டம் ‘வேட்டை’ என்று வரையறுப்பதில் விரட்டுவதும் இரைவைத்து இழுப்பதும் அடங்கும்.

உடலுக்கான ஆபத்து சுறாவிடமிருந்து வருவதில்லை, நீருக்கடியில் மாறும் அழுத்தத்திலிருந்து வருகிறது. சான்றிதழ் இல்லாதவருக்கான அறிமுக டைவ் பயிற்றுநரின் நேரடிப் பார்வையில் 12 மீட்டர் ஆழத்துக்குள் முடிய வேண்டும். அடிப்படைச் சான்றிதழ் பெற்றவருக்கு வரம்பு 18 மீட்டர். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவ் எவருக்கும் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது. திமிங்கலச் சுறாவோ 1,900 மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடிய மீன். அது சரிந்து இறங்கும்போது கேமராவோடு பின்தொடர்பவர் தம் வரம்பைக் கடப்பதை உணர்வதே இல்லை. பிறகு பதறி மேலே வருகிறார். மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து திசுவைக் கிழிக்கும். கடைசிப் பத்து மீட்டரில்தான் அந்த விரிவு மிக அதிகம். வேகமாக ஏறினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி மூட்டுவலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், சில சமயம் பக்கவாதம் வரை கொண்டுபோகும். முதலுதவி தூய ஆக்சிஜன். சிகிச்சை உயர் அழுத்த அறையில். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, அழுத்த அறை எந்தத் தீவில் இருக்கிறது என்று முன்பணம் கட்டும் முன்பே கேட்டறிய வேண்டும். ஆஸ்துமா, இதயநோய், காது அறுவை, கர்ப்பம் ஆகியவற்றை மருத்துவப் படிவத்தில் மறைத்தால் காப்பீடும் கைவிடும்.

பயண அட்டவணையிலும் ஒரு பொறி உண்டு. கடைசி நாள் காலையில் டைவ், மாலையில் விமானம் என்று போட்டிருந்தால் அதை ஏற்கக் கூடாது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் டைவ் செய்தவர் 18 மணி நேரமும் விமானம் ஏறாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான மருத்துவப் பரிந்துரை.

சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல ஸ்கூபாவை விலக்கியே எழுதப்படுகின்றன. சில, ஆழ வரம்பு வைக்கின்றன. அழுத்த அறைச் சிகிச்சையும் தீவிலிருந்து அவசரமாகக் கொண்டுசெல்லும் செலவும் பாலிசியில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். டைவ் மையத்தில் கையெழுத்து கேட்கும் ‘எங்களுக்குப் பொறுப்பில்லை’ படிவத்தை அப்படியே வாங்கிப் படிக்கவும், நகல் கேட்கவும், கருவியோ கடலோ சரியில்லை என்று தோன்றினால் இறங்க மறுக்கவும் பயணிக்கு உரிமை உண்டு.

தகராறு வந்தால் யாரிடம் பணம் கட்டப்பட்டது என்பதே வழியைத் தீர்மானிக்கும். வெளிநாட்டு டைவ் மையத்துக்கு நேரடியாகக் கட்டியவர் பெரும்பாலும் அந்நாட்டுச் சட்டத்தை நாட வேண்டிவரும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலம் அந்தத் தொகையை மறுத்து மனு கொடுத்துப் பார்க்கலாம். இந்தியாவிலுள்ள பயண நிறுவனத்திடம் தொகுப்பாக வாங்கியவர் நிலை மேல். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை வழக்குக் கட்டணம் கிடையாது. கையெழுத்திட்ட படிவமே நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிடுவதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, டைவ் பதிவேட்டின் பக்கம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்தால்தான் இவற்றில் எதுவும் கைகொடுக்கும்.