நடுவே ஒரு கம்பி

அரிசோனாவில், கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பை ஒட்டி, டிரெய்லர் வில்லேஜ் என்றொரு தங்குமிடம் உண்டு. படுக்கையும் சமையலறையும் சுமந்துவரும் ஆர்.வி. எனும் வீட்டு வண்டிகள் அங்கே இரவைக் கழிக்கும். கொஞ்ச தூரம் நடந்தால் பூமி ஒரு மைல் ஆழத்துக்குப் பிளந்து கிடக்கிறது. அண்ணாந்தால் அள்ளித் தெளித்த விண்மீன்கள். இவ்விரண்டு பிரம்மாண்டங்களுக்கும் இடையில், மரத்தடியில், ஒரு சின்ன மின்பெட்டி நிற்கும். வண்டிக்காரர் மூடியைத் தூக்கிப் பிளக்கைச் செருகுவார், பிரேக்கரைப் போடுவார், ஏசி உறுமியதும் வானம் பார்க்கப் போய்விடுவார். நாமும் அப்படித்தான் போவோம். பெட்டியைக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர் யார்?

அந்தப் பிளக்குக்கு நான்கு கால்கள். இரண்டு பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். நம் வீட்டுக்கு வரும் ஒற்றை பேஸ் 230 வோல்ட். அங்கே கதை வேறு. டிரான்ஸ்பார்மரின் கம்பிச்சுருளில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே 240 வோல்ட். அந்தச் சுருளின் நட்டநடுவிலிருந்து ஒரு கம்பியை இழுத்து மண்ணோடு பிணைத்துவிட்டார்கள். அதுதான் நியூட்ரல். அதிலிருந்து எந்த முனையைத் தொட்டாலும் 120. செய்ததெல்லாம் நடுவைத் தொட்டதுதான். பிறந்ததோ இரண்டு ஓட்டங்கள். நொடிக்கு 60 முறை, ஒன்று உச்சிக்கு ஏறும்போது மற்றது அதே அளவு பாதாளத்துக்கு இறங்கும். சிறுவர் ஏறி ஆடும் பலகையின் நடு அச்சைப்போல, நியூட்ரல் மட்டும் அசையாமல் நிற்கும்.

இடப்பக்க பேஸில் 30 ஆம்பியர், வலப்பக்கத்தில் 20 என்று வையுங்கள். இரண்டுக்கும் பொதுவான நியூட்ரலில் 50 ஓட வேண்டாமா? ஓடுவது 10 மட்டுமே. எதிரெதிராய் வருபவை தமக்குள் கணக்கைக் கழித்துக்கொள்ள, மிச்சம்தான் நடுக்கம்பிக்கு. இருபுறமும் சமமானால் அதில் ஒன்றுமே ஓடாது. எந்தச் சந்திப்பிலும் வந்ததும் போனதும் துளி பிசகாமல் சமம் என்ற விதியை 1845-ல் எழுதிவைத்த குஸ்டாவ் கிர்க்காஃபுக்கு அப்போது வயது 21, மாணவர். விதி அவர் இயற்றியதல்ல. அணு தோன்றிய நாள் முதல் அது ஓடிக்கொண்டிருந்தது. 1883-ல் பென்சில்வேனியாவின் சன்பரி ஊரில் எடிசன் மூன்று கம்பிகளில் நேர்மின்சாரம் ஓட்டியபோது அவர் மனத்தில் இருந்தது செம்புச் செலவு. சிக்கனம் தேடிப் போனவர் கையில் அகப்பட்டது சிருஷ்டியின் கணக்கு.

ஒன்றுமே சுமக்காத கம்பி எதற்கு என்று கேட்கத் தோன்றும். அது அறுந்தால் தெரியும். ஒரு பேஸில் 1,500 வாட் ஹீட்டர், மறு பேஸில் 150 வாட் டிவி. நடு இருந்தவரை இரண்டுக்கும் 120. நடு போனதும் இரண்டும் ஒரே சங்கிலியாகி, டிவியின் தலையில் ஏறத்தாழ 218 வோல்ட் விழும். ஹீட்டருக்கு 22-தான் மிஞ்சும். வலுத்தது குளிர்ந்துபோக, எளியது கருகும். தெருவில் நியூட்ரல் கட்டாகி வீடு வீடாக டிவி புகைந்த ஒரு மாலையைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. இரண்டு பேஸும் எதிரெதிராக ஆடாமல் ஒரே திசையில் சேர்ந்து ஆடினால் என்ன ஆகும்? கழித்தல் கூட்டலாகிவிடும், பேஸுக்கு 50 ஆம்பியர் வரை தரும் இந்தப் பெட்டியில் 50-ம் 50-ம் சேர்ந்து 100 ஆம்பியர் அந்த நடுக்கம்பியைப் பொசுக்கும். ஒத்துப்போவதே நல்லது என்று வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் உறைக்கிறது. ஒற்றை பேஸ் மட்டும் தரும் 30 ஆம்பியர் பெட்டியில் இதே பிளக்கை அடாப்டர் வைத்து மாட்டும்போதும் இரண்டு பக்கமும் சேர்ந்தே ஆடுகின்றன. ஆனால் பிரேக்கர் 30-க்கு மேல் விடாது என்பதால் கம்பி பிழைக்கிறது. 12,000 வாட் தந்த இடத்தில் 3,600-தான் கிடைக்கும். அவ்வளவே.

இத்தனைக்கும் செம்புக்குள் எலக்ட்ரான்கள் எங்கும் பயணம் போவதில்லை. இருந்த இடத்திலேயே, தலைமயிரின் தடிமன்கூட இல்லாத தொலைவு, முன்னும் பின்னும் ஊசலாடுகின்றன. அந்த ஊசலில்தான் காப்பி கொதிக்கிறது, குழந்தையின் பால் கெடாமல் இருக்கிறது.

விடிந்ததும் வண்டிக்காரர் பிரேக்கரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குவார். பனியில் நனைந்த கேபிளைத் துடைத்துச் சுருட்டுவார். மூடி டப்பென்று விழும். அடுத்த வண்டி வரும்வரை, பிரேக்கருக்குப் பின்னால் இருட்டுக்குள், ஒன்று ஏற ஒன்று இறங்க, நொடிக்கு 60 முறை.