பிளாக்ஜாக்: 21 வந்தால் வெற்றியா? விதிகள், சொற்கள், சட்டம் - எளிய விளக்கம்

மங்காத்தா என்றால் பெருமுக்கல்லில் இருந்து சென்னை வரை யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஒரு சீட்டைச் சொல்லிப் பணம் கட்டுவார்கள். கட்டில் இருந்து சீட்டுகள் 'உள்ளே, வெளியே' என்று மாறி மாறி விழும். சொன்ன சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கம் கட்டியவருக்குக் காசு. யோசிக்க ஒன்றுமில்லை, முழுக்க அதிர்ஷ்டம்தான்.

பிளாக்ஜாக் கொஞ்சம் வேறு மாதிரி. இதில் ஆடுபவர் ஒவ்வொரு கையிலும் முடிவு எடுக்க வேண்டும். அதனாலேயே, 'மூளை இருந்தால் ஜெயிச்சிடலாம்' என்ற நம்பிக்கை பலருக்கும் வருகிறது. கோவா போகிறவர்களும், செல்போனில் விளம்பரம் பார்த்து உள்ளே நுழைபவர்களும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஆட்டத்தின் விதி என்ன? லாபம் யாருக்கு? பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது?

'இருபத்தொன்று' என்ற பெயரில் ஸ்பெயினில் ஆடப்பட்ட சீட்டாட்டம் பற்றி, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுத்தாளர் செர்வாண்டிஸ் குறிப்பிட்டிருக்கிறார். பிரான்சிலும் 21 என்ற பொருள் தரும் பெயரிலேயே ஆடினார்கள். அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் பிளாக்ஜாக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

சீட்டுகளின் மதிப்பு என்ன?

2 முதல் 10 வரை, சீட்டில் உள்ள எண்ணே மதிப்பு. ஜாக், ராணி, ராஜா மூன்றுக்கும் தலா 10. ஏஸ் மட்டும் 1 ஆகவோ 11 ஆகவோ இருக்கலாம். எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஸ்பேடா, ஆட்டினா, டைமனா, கிளாவரா என்பது இதில் கணக்கே இல்லை.

ஆட்டம் எப்படி நடக்கும்?

முதலில் பணம் கட்ட வேண்டும். ஆடுபவருக்கு இரண்டு சீட்டு. சூதாட்ட விடுதியின் சார்பில் சீட்டு போடுபவர் 'டீலர்'. அவருக்கும் இரண்டு சீட்டு. ஒன்று திறந்திருக்கும், ஒன்று கவிழ்ந்திருக்கும். ஆடுபவர்கள் எல்லோரும் முடித்த பிறகே டீலர் தன் சீட்டைத் திறப்பார்.

டீலருக்குச் சொந்த யோசனை கிடையாது. 16 வரை இருந்தால் சீட்டு எடுத்தே ஆக வேண்டும். 17 வந்துவிட்டால் நிறுத்த வேண்டும்.

பலர் நினைப்பதுபோல 21 எடுப்பது இலக்கு அல்ல. டீலரை முந்துவதுதான் இலக்கு. உங்களிடம் 13தான் இருந்தாலும், டீலர் 21ஐத் தாண்டினால் வெற்றி உங்களுக்கே. பக்கத்தில் உட்கார்ந்து ஆடுபவர் உங்களுக்குப் போட்டியாளரும் இல்லை.

தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

* பிளாக்ஜாக்: முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் 10 மதிப்புச் சீட்டும் சேர்வது. சுமார் 21 கைகளில் ஒருமுறை வரும்.
* ஹிட்: 'இன்னொண்ணு போடு' என்பது.
* ஸ்டாண்ட்: 'போதும்' என்பது.
* பஸ்ட்: 21ஐத் தாண்டுவது. அந்த நொடியே பணம் போய்விடும்.
* புஷ்: இருவருக்கும் சமம். கட்டிய பணம் திரும்பி வரும்.
* டபுள் டவுன்: கட்டிய தொகையை இரட்டிப்பாக்கி, ஒரே ஒரு சீட்டு மட்டும் வாங்குவது.
* ஸ்ப்ளிட்: ஒரே மாதிரி இரண்டு சீட்டு வந்தால் பிரித்து இரண்டு கையாக ஆடுவது. இரண்டாவது கைக்கும் அதே தொகை கட்ட வேண்டும்.
* சரண்டர்: பாதிப் பணத்தை விட்டுக்கொடுத்து விலகுவது. எல்லா இடத்திலும் இதற்கு அனுமதி இல்லை.
* சாஃப்ட், ஹார்டு: ஏஸை 11 ஆகக் கணக்கிடும் கை சாஃப்ட். ஏஸும் 6ம் இருந்தால் 'சாஃப்ட் 17'. இன்னொரு சீட்டு வாங்கினாலும் பஸ்ட் ஆகாது. 10ம் 7ம் என்றால் 'ஹார்டு 17'.
* ஷூ: ஆறு, எட்டுக் கட்டுகளைச் சேர்த்துக் கலைத்து வைத்திருக்கும் பெட்டி.
* இன்சூரன்ஸ்: டீலரின் திறந்த சீட்டு ஏஸாக இருந்தால், 'டீலருக்கு பிளாக்ஜாக் வரும்' என்று தனியாகக் கட்டும் பணம்.

கடைசிச் சொல்லில் கொஞ்சம் கவனம் தேவை. இன்சூரன்ஸ் என்றதும் பாதுகாப்பு என்று தோன்றும். 100 ரூபாய் கட்டினால், ஜெயித்தால் 200 தருவார்கள். ஆனால் கவிழ்ந்த சீட்டு 10 மதிப்பாக இருக்க, தோராயமாக 13ல் 4 முறைதான் வாய்ப்பு. 13 முறை கட்டினால் 800 வரும், 900 போகும். பெயர்தான் இன்சூரன்ஸ், இதுவும் ஒரு சூதாட்டமே.

விடுதிக்கு லாபம் எங்கே?

டீலர் சுமார் 28 சதவீதக் கைகளில் பஸ்ட் ஆகிறார். அப்படியும் விடுதி எப்படி ஜெயிக்கிறது? ஆடும் வரிசையில்தான் சூட்சுமம். முதலில் ஆடுவது நீங்கள். நீங்கள் பஸ்ட் ஆனதுமே பணத்தை எடுத்துவிடுவார்கள். பிறகு டீலரும் பஸ்ட் ஆனால் அது சமம் ஆகாது. உங்கள் பணம் திரும்பி வராது.

உதாரணமாக, கையில் ஹார்டு 16 இருக்கிறது. இன்னொரு சீட்டு கேட்டால் 6 முதல் ராஜா வரை எது வந்தாலும் அவுட். 13ல் 8 வாய்ப்பு, அதாவது 61 சதவீதத்துக்கும் மேல்.

எந்தக் கைக்கு எதைச் செய்ய வேண்டும் என்று கணிதப்படி வகுத்த பட்டியல் உண்டு. அதை ஒரு பிழையும் இல்லாமல் பின்பற்றினாலும், நல்ல விதிகள் உள்ள மேஜையில் விடுதிக்குச் சுமார் அரை சதவீத லாபம் நிற்கும். விதி கொஞ்சம் மாறினால் அதுவும் ஏறிவிடும். பழைய முறையில் பிளாக்ஜாக் வந்தால் 100 ரூபாய்க்கு 150 தருவார்கள். இதை 3க்கு 2 என்பார்கள். இப்போது பல மேஜைகளில் 6க்கு 5, அதாவது 120தான். இந்த ஒரு மாற்றமே விடுதியின் லாபத்தில் சுமார் 1.4 சதவீதத்தைக் கூட்டுகிறது. அரை சதவீதம் ஏறக்குறைய 2 சதவீதம் ஆகிவிடும்.

இந்தச் சதவீதம் சட்டைப்பையில் உள்ள பணத்துக்கு அல்ல, கட்டும் மொத்தத் தொகைக்கு. 100 ரூபாய் வீதம் 60 கை ஆடினால் கட்டியது 6,000 ரூபாய். எவ்வளவு வேகமாக ஆடுகிறோமோ, அவ்வளவு வேகமாகக் கரையும்.

சீட்டு எண்ணினால் ஜெயிக்கலாமே?

அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப், 1962ல் வெளிவந்த 'பீட் த டீலர்' நூலில் இதற்கு வழி சொன்னார். சின்னச் சீட்டுகள் போய், மீதியில் 10களும் ஏஸ்களும் அதிகம் இருக்கும்போது பெரிய தொகை கட்டுவதே அந்த முறை. விடுதிகள் சும்மா இருக்கவில்லை. கட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டின, அடிக்கடி கலைத்தன, எண்ணுபவர்களை வெளியேற்றின. ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் கலைக்கும் கணினி ஆட்டத்தில் எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930ன்படி, சூதாட்ட விடுதி நடத்துவதும் அங்கே பணம் வைத்து ஆடுவதும் குற்றம். கோவா, சிக்கிம் போன்ற இடங்களில் மட்டும் உரிமம் பெற்ற விடுதிகள் உண்டு.

ஆன்லைன் கதை தனி. ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்ததால், ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் 2022ல் தமிழ்நாடு அரசு குழு அமைத்தது. தொடர்ந்து வந்த தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றுக்கான தடையை நீக்கியது; அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடையை ஏற்றது.

2025 ஆகஸ்ட் 22ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், இந்தத் 'திறமையா, அதிர்ஷ்டமா' என்ற வேறுபாட்டையே பார்க்கவில்லை. பணம் வைத்து ஆடும் எந்த ஆன்லைன் ஆட்டத்தையும் நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆனால், வெளிநாட்டுத் தளத்தில் பணத்தை இழந்துவிட்டுத் திரும்ப வாங்குவது லேசான காரியமில்லை.

ஆடிப் பார்க்க ஆசையா?

வீட்டில் ஒரு சீட்டுக்கட்டு போதும். பணத்துக்குப் பதில் புளியங்கொட்டை வைத்து, டீலரின் இடத்தில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். யோசிக்காமல் விதிப்படி மட்டும் ஆடுகிறவர் பக்கம் கொட்டை சேருவதைச் சில மணி நேரத்தில் பெரும்பாலும் பார்த்துவிடலாம்.

சூதாட்டத்தால் கடனோ மன உளைச்சலோ இருந்தால், அரசின் இலவச மனநல உதவி எண் 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.