மடி போதாது: காரில் குழந்தைக்கான இருக்கை

தலைப்பிரசவம் தாய்வீட்டில் முடிந்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் குழந்தையைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, கையில் வசம்பு வளையல், பையில் வெந்நீர் பிளாஸ்க் என்று எல்லாம் கவனமாக நடக்கும். பிறகு கார் நான்கு வழிச்சாலையில் ஏறும். குழந்தை பாட்டியின் மடியிலோ அம்மாவின் மடியிலோ தூங்கிக்கொண்டிருக்கும். காற்று நன்றாக வருமே என்று பலர் அந்த மடியை முன் இருக்கையிலேயே வைத்துக்கொள்வார்கள். இவ்வளவு அக்கறை காட்டும் குடும்பம், அந்தப் பயணத்தில் குழந்தையைத் தாங்குவதற்கு ஒரு ஜோடிக் கைகளைத் தவிர எதையும் வைத்திருப்பதில்லை.

அந்தக் கைகளால் முடியாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலோ மோதி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவர்கள் ஏறத்தாழ அரை மீட்டருக்குள் அசைவற்று நின்றாக வேண்டும். பள்ளிக்கூட இயற்பியலை வைத்துக் கணக்குப் போட்டாலே, எடையைப் போல 20 மடங்கு விசை வருகிறது. பத்துக் கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 200 கிலோ மூட்டையாக முன்னால் இழுக்கும். எந்தத் தாயும் அதைப் பிடித்து வைக்க முடியாது. அன்பு குறைவு என்பதால் அல்ல, மனிதக் கைக்கு அவ்வளவு பலம் கிடையாது. தாய் பெல்ட் போடாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவர் உடலின் முழு எடையும் குழந்தையை முன்னால் இருக்கும் பொருளோடு சேர்த்து நசுக்கும். ஒரே பெல்ட்டைத் தனக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்வதும் இதே விளைவைத்தான் தரும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 16,715 பேர் சீட் பெல்ட் அணியாதவர்கள். குழந்தைகளுக்கான இருக்கை கைக்குழந்தைகளின் இறப்பை 71 சதவீதம் வரை குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தடுப்பூசி அட்டையை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கும் நாம், இந்த எண்ணையும் அதே அளவுக்குப் பொருட்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

சட்டம் என்ன சொல்கிறது? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிறையாத பிள்ளையை சீட் பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையாலோ கட்டாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அந்த வாக்கியத்தில் உள்ள ‘ஆலோ’வைக் கவனிக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டிவிட்டாலும் சட்டம் திருப்தி அடைந்துவிடுகிறது. ஆனால் அந்த பெல்ட் வளர்ந்த உடலின் இடுப்பெலும்பையும் தோளையும் பற்றிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. சிறு குழந்தைக்கு அதே பட்டை மேலே கழுத்தை அறுக்கும், கீழே மெத்தென்ற வயிற்றில் ஏறி உள்ளுறுப்புகளை அழுத்தும். போலீஸ்காரர் நிறுத்தினால் தப்பிக்கலாம், மோதலில் தப்பிக்க முடியாது. சட்டம் கேட்பதற்கும் குழந்தைக்குத் தேவைப்படுவதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைப் பெற்றோர்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அதை நிரப்ப முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது திசை. கைக்குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் கால் பங்கு. அந்தக் கனத்தைத் தாங்கும் கழுத்தெலும்போ இன்னும் முற்றாத குருத்தெலும்பு. முன்நோக்கி உட்கார்ந்திருக்கும்போது கார் மோதினால், உடலைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும். பின்நோக்கி உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து இருக்கையின் ஓட்டில் சாய்ந்துகொள்ளும், விசை பரவிவிடும். சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் பெர்டில் ஆல்ட்மன் 1960களில் இந்த யோசனைக்கு உருவம் கொடுத்தார். விண்வெளி வீரர்கள் விசையை முதுகால் தாங்கும்படி படுத்திருப்பதுதான் அவருக்கு வழிகாட்டியது. அந்த நாட்டில் நான்கு வயதுவரை குழந்தைகள் பின்நோக்கியே பயணிப்பது சாதாரணம். புதிய சர்வதேசத் தரமான ஆர் 129, குறைந்தது 15 மாதம்வரை பின்நோக்கித்தான் வைக்க வேண்டும் என்கிறது. கால் மடங்கியிருக்கிறதே, வெளியே பார்க்க முடியவில்லையே என்று பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். குழந்தைக்கு அது வலிப்பதில்லை. வீட்டில் குழந்தைகள் சம்மணமிட்டு உட்காருவதைப் பார்த்தாலே தெரியும்.

பின்நோக்கிய இருக்கையை, ஏர்பேக் வேலை செய்யும் முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் இருக்கையின் முதுகில் நேராக அறைந்து, குழந்தையின் தலையைத் தாக்கும். முன் பயணிக்கான ஏர்பேக் 2021 முதல் இந்தியாவில் புதிய கார்களுக்குக் கட்டாயம் என்பதால் இது இப்போது எல்லோருக்கும் பொருந்தும் எச்சரிக்கை. சன் வைஸரில் ஒட்டியிருக்கும், குழந்தைப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் இதைத்தான் சொல்கிறது. பின் இருக்கைதான் குழந்தையின் இடம்.

இனி வாங்கும் விஷயம். இணையத்தில் தேடினால் சில நூறு ரூபாய்க்குக்கூட ‘பேபி கார் சீட்’ கிடைக்கும். கொஞ்சம் பஞ்சு வைத்த துணி, நான்கு பட்டை, ஒரு கொக்கி. உள்ளே ஓடே இருக்காது. பிரிட்டனில் இப்படிப்பட்ட துணி இருக்கையை மோதல் சோதனைக்கு உட்படுத்தியபோது பட்டை அறுந்து, மூன்று வயதுக் குழந்தை அளவுள்ள பொம்மை முன்னால் வீசியெறியப்பட்டது. விலையைப் பார்த்து ஏமாறாமல், முதலில் முத்திரையைப் பாருங்கள். இந்தியத் தரம் ஏஐஎஸ் 072. சர்வதேசத் தரங்கள் ஆர் 44, ஆர் 129. இருக்கையின் பின்புறத்திலோ அடியிலோ ஆரஞ்சு நிற ஸ்டிக்கரில், வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும், எந்த எடைக்கு அல்லது உயரத்துக்கு என்பதும் அச்சிட்டிருக்கும். ஆர் 44 குழந்தையை எடையால் பிரிக்கிறது: 13 கிலோ வரை ஒன்று, 9 முதல் 18 கிலோ வரை இன்னொன்று, அதற்கு மேல் வேறு. ஆர் 129 உயரத்தை அடிப்படையாகக் கொண்டது, பக்கவாட்டு மோதலையும் சோதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பர் முதல் பழைய ஆர் 44 இருக்கைகளைக் கடைகளில் விற்கக் கூடாது. நம் கடைகளில் அது இன்னும் இருக்கிறது, சரியாகப் பொருத்தினால் நன்றாகவே காக்கும். கையில் பணம் இருந்தால் ஆர் 129, இல்லையென்றால் முத்திரையுள்ள ஆர் 44 என்பேன். முத்திரையில்லாதது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பழைய இருக்கையை உறவினர் கொடுத்தால் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது விபத்தில் சிக்கியதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், ஓட்டில் பொறித்த தயாரிப்புத் தேதியையும் காலாவதியையும் பார்த்த பிறகு வாங்கலாம். பிளாஸ்டிக்கிலும் நுரையிலும் ஏற்பட்ட விரிசல் கண்ணுக்குத் தெரியாது. முன்பின் தெரியாதவரிடம் வாங்குவது அதனால்தான் ஆபத்து.

பணம் கொடுப்பதற்கு முன் இருக்கையை உங்கள் காரில் வைத்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் மறுத்தால் வேறு கடை பாருங்கள். சில சிறிய கார்களில் பின் பெல்ட்டின் நீளம் குறைவு. பின்நோக்கிய இருக்கையைச் சுற்றிவர அது எட்டாது. குழந்தை இருக்கையை பெல்ட் இல்லாமல் காரோடு நேரடியாகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் வசதி இருந்தால், பின் இருக்கையின் சாய்வும் அமரும் பகுதியும் சேரும் இடுக்கில் கைவிட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். அந்த இரண்டு மட்டும் போதாது. இருக்கை முன்னால் கவிழாமல் இருக்க மூன்றாவது பிடிமானமாக, மேலே ஒரு பட்டையோ கீழே ஒரு ஊன்றுகாலோ வேண்டும். பட்டையை மாட்ட வேண்டிய கொக்கி எது என்று கார் கையேட்டில் பார்க்க வேண்டும். சாமான் கட்டும் வளையத்தில் மாட்டிவிடுபவர்கள் உண்டு. ஊன்றுகால் தரையில் உறுதியாக நிற்க வேண்டும், தரைக்கடியில் வெற்றிடமாக இருக்கும் சாமான் பெட்டியின் மூடியில் நிற்கக் கூடாது. புதிய கார் வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கார்களை மோதவிட்டு நட்சத்திரம் தரும், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்குத் தனியாக 49 மதிப்பெண் உண்டு. பெரியவர்களுக்கான நட்சத்திரத்தோடு அதையும் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகத் தவறு நடப்பது பொருத்துவதில்தான். விலையுயர்ந்த இருக்கை தளர்ந்து கிடந்தால், அது குழந்தையோடு சேர்ந்து பறக்கும் இன்னொரு பொருள். பெல்ட்டால் கட்டும் இருக்கையில் பட்டை போக வேண்டிய வழி நிறத்தால் காட்டப்பட்டிருக்கும். பின்நோக்கி வைத்தால் நீலம், முன்நோக்கி வைத்தால் சிவப்பு. பட்டை எங்கும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. இருக்கையின் மேல் முழங்காலை ஊன்றி, உடல் எடையை இறக்கிக்கொண்டே பெல்ட்டை இழுத்து இறுக்க வேண்டும். பிறகு பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் எந்தப் பக்கமும் நகரக் கூடாது. மேல் நுனியைப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது குழந்தையைக் கட்டும் பட்டை. பின்நோக்கி இருந்தால் தோள்பட்டை தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். முன்நோக்கி இருந்தால் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. குழந்தை வளர வளர இதை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். பிறந்தநாள் தாண்டியும் பட்டை முதல் துளையிலேயே இருப்பதைப் பல கார்களில் பார்க்கலாம். பக்கிளைப் பூட்டிய பிறகு, தோளருகே பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்புப் பிடிக்க முடிந்தால் இன்னும் இறுக்க வேண்டும். குழந்தைக்கு நோகுமே என்று ஒரு விரல்கடை தளர்த்தி விடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் தவறு. சுற்றிய துண்டு, பட்டுப் பாவாடையின் அடுக்கு, முதுகுக்குப் பின்னால் சொருகிய தலையணை எதுவும் பட்டைக்கும் உடலுக்கும் நடுவே வேண்டாம். மோதலில் அவை நசுங்கி, பட்டை தளர்ந்துவிடும். குளிர்கிறதென்றால் கட்டி முடித்த பிறகு மேலே போர்த்துங்கள். பச்சிளம் குழந்தைக்கு இருக்கை ஏறத்தாழ 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் தலை மார்பில் கவிழ்ந்து மூச்சு அடைக்கும். நீண்ட தூரம் என்றால் நடுநடுவே வண்டியை நிறுத்தி வெளியே தூக்க வேண்டும். பாலூட்டுவதும் வண்டி நின்ற பிறகுதான்.

நம் ஊர் வெயிலுக்கு உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் பக்கிளின் உலோகம் சூடேறித் தொடையில் சுடும். உட்கார வைக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். நிறுத்தும்போது இருக்கையின் மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு வையுங்கள். பட்டையை சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைக்கவும் கூடாது, நூலின் வலு குறையும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

நான்கைந்து வயதுக்குப் பிறகு பூஸ்டர் இருக்கை. காரின் பெல்ட் தோளின் நடுவிலும் தொடைமேல் இடுப்பெலும்பிலும் படியும்படி குழந்தையை உயர்த்துவதே அதன் வேலை. உயரம் 135 முதல் 150 சென்டிமீட்டரை எட்டும்வரை அது தேவைப்படும். “பெரிய பையன் ஆயிட்டான், இனிமே எதுக்கு?” என்று தாத்தா கேட்டால், பெல்ட் அவன் கழுத்தில் படிவதைக் காட்டுங்கள். ஒப்புக்கொள்வார்.

ஆபத்தான பொருளை விற்பவர்களைக் கேள்வி கேட்கவும் வழி உண்டு. பெல்ட் போடாதபோது ஒலிக்கும் எச்சரிக்கையை நிறுத்துவதற்கென்றே கிளிப்புகள் விற்கப்பட்டன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் ஐந்து இணைய வணிக நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுக்க, 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. போலி முத்திரையோடும் பொய் விளம்பரத்தோடும் குழந்தை இருக்கை விற்கப்பட்டாலும் அதே ஆணையத்தில் புகார் சொல்லலாம்.

வாங்கிய இருக்கையில் பக்கிள் பூட்டாமல் போனாலோ ஓட்டில் விரிசல் விட்டாலோ, முதலில் ரசீது, பெட்டி, முத்திரையின் படம் ஆகியவற்றை எடுத்துவைத்து விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இணைய விற்பனையாளரின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிறுவனம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம்.

குழந்தைக்குக் காயமே ஏற்பட்டிருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் பொறுப்பு என்றொரு தனி அத்தியாயம் வைத்திருக்கிறது. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தாலும், பயன்படுத்தும் முறையைச் சரியாகச் சொல்லாவிட்டாலும் தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டும். தயாரித்தவர் யாரென்றே தெரியாத இறக்குமதிப் பொருளாக இருந்தால் விற்றவரே பொறுப்பு. ஆனால் பொருளை மாற்றியமைத்தோ தவறாகப் பயன்படுத்தியோ இருந்தால் விற்றவர் மீது வழக்கு நிற்காது என்று 87ஆம் பிரிவு சொல்கிறது. பட்டையை வெட்டித் தைத்தவர்களுக்கும், வேறு காரின் கொக்கியை வெல்டிங் செய்து மாட்டியவர்களுக்கும் இந்தக் கதவு அடைபட்டுவிடும். கையேட்டில் சொன்னபடி பொருத்தியதும் ஒரு புகைப்படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்து குழந்தை காயமின்றித் தப்பினாலும், பலமாக அடிபட்ட காரில் இருந்த இருக்கையை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பட்டையை வெட்டிவிட்டு அப்புறப்படுத்துங்கள். அப்போதுதான் வேறொருவர் அதை எடுத்துத் தன் குழந்தைக்கு மாட்டமாட்டார்.