இரைச்சலுக்குள் ஓர் எதிரொலி

தேர்த் திருவிழாக் கூட்டத்தில், அத்தனை மேளச் சத்தத்துக்கும் நடுவே, நண்பன் கூப்பிடும் குரல் மட்டும் எப்படியோ நம் காதில் விழுகிறதல்லவா? பூமிக்கு அடியில் எண்ணெய் தேடுபவர்களின் வேலையும் அதே மாதிரிதான்.

தரையில் துளை போட்டு வெடி வைக்கிறார்கள். அதிர்வலை கீழே போகிறது. ஒரு பாறை அடுக்கு முடிந்து வேறொன்று தொடங்கும் இடத்தில் அதில் ஒரு பங்கு எதிரொலித்து மேலே வருகிறது. தரையில் ஊன்றிய ஜியோபோன் அதை மின் சிக்னலாக மாற்றுகிறது. உள்ளே இருப்பது வேறொன்றுமில்லை, ஒரு காந்தமும் கம்பிச் சுருளும்தான்! அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 1921-ல் ஜே.சி. கார்ச்சர் குழுவினர் இந்த முறையைச் சோதித்துக் காட்டினார்கள்.

எதிரொலி 2 விநாடியில் திரும்புகிறது, அலையின் வேகம் விநாடிக்கு 3000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக 1 விநாடி, வர 1 விநாடி. ஆக, அடுக்கின் ஆழம் 3000 மீட்டர்.

கணக்கு சுலபம், சிக்னல்தான் சிக்காது! காற்று, லாரி, 50 ஹெர்ட்ஸ் மின்கம்பி எல்லாமே பதிவாகும். போதாததற்கு, வெடி கிளப்பிவிடும் தரைமட்ட அலை எதிரொலியை மூழ்கடித்துவிடும்.

இதற்கு முதல் வழி, பல ஜியோபோன்களை இடைவெளி விட்டு ஒன்றாக இணைப்பது. கீழிருந்து வரும் எதிரொலி எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடுவதால் கூடுகிறது. பக்கவாட்டில் வரும் தரைமட்ட அலை ஒன்றில் மேடாகவும் இன்னொன்றில் பள்ளமாகவும் விழுவதால் பெருமளவு அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது, 1950-ல் ஹாரி மேன் சொன்ன யோசனை. ஒரே நிலத்தடிப் புள்ளியை வெவ்வேறு தூரங்களிலிருந்து பதிவு செய்து, நேர வித்தியாசத்தைத் திருத்தி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். லேபில் பல ரீடிங் எடுத்துச் சராசரி போடுகிறோமே, அதேதான். 16 பதிவுகளைக் கூட்டினால் சிக்னல் 16 மடங்கு. ஒழுங்கற்ற இரைச்சலோ வர்க்கமூலப்படி 4 மடங்குதான். ஆக, 4 மடங்கு தெளிவு!

மிச்சத்துக்கு ஃபில்டர் போட்டுட்டா வேலை முடிஞ்சுதான்னு கேட்காதீங்க. இங்கேதான் ஆபத்து. மிகக் குறுகிய அலைவரிசை ஃபில்டர் போட்டால், வெறும் இரைச்சல்கூட அழகான அடுக்குகளாகத் தெரியும். அதை நம்பித் துளையிட்டால் கோடிக்கணக்கில் செலவு. கிடைப்பதோ வறண்ட கிணறு!

அதனால் அனுபவசாலிகள் சுத்தமான படத்தோடு நிறுத்துவதில்லை. முந்தைய பதிவிலிருந்து அதைக் கழித்து, எதைத் தூக்கி எறிந்தோம் என்றும் பார்ப்பார்கள். அந்தக் குப்பையில் அடுக்கின் சாயல் தெரிந்தால், சிக்னலையும் சேர்த்து எறிந்துவிட்டோம் என்று அர்த்தம்.

அடுத்த முறை லேபில், கோட்டோடு ஒட்டாத புள்ளியை அழிக்க ரப்பரைத் தேடும்போது, இதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க!